ஸ்டீரியோஸ்கோப் லென்ஸை வீட்டிலேயே அளப்போம்

சென்ற மே மாத விடுமுறை வகுப்புக்கு ஒரு சகோதரி, தம் உம்மம்மா வீட்டு அலமாரியில் கிடந்த மரக் கருவி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். கீழே ஒரு கைப்பிடி. கண்ணோடு ஒட்டி வைத்துக்கொள்ள ஒரு மறைப்பு, அதற்குள் இரண்டு லென்ஸ்கள். எதிரே நீளமான மரச்சட்டம், அதன்மேல் முன்னும் பின்னும் நகரும் குறுக்குக் கட்டை. கூடவே பழுப்பேறிய அட்டைகள் பத்துப் பன்னிரண்டு. ஒவ்வோர் அட்டையிலும் ஒரே காட்சி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படங்களாக ஒட்டப்பட்டிருந்தது.

"எங்க வாப்பா சின்ன வயசுல இதுல தாஜ்மஹாலை நேர்ல நின்னு பார்த்த மாதிரி பார்த்தாங்களாம். என் மகன் பார்த்தா ரெண்டு ரெண்டா தெரியுது, தலை வலிக்குதுங்கிறான். பொறுமையா பாருன்னு அவனைத் திட்டிட்டேன். இப்ப அவன் கண்ணுல ஏதும் கோளாறோன்னு பயமா இருக்கு" என்றார்.

நானும் எடுத்துப் பார்த்தேன். எனக்கும் இரண்டாகத்தான் தெரிந்தது. கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் லென்ஸும் கையுமாக இருந்தவன் என்பதால், பையனை உட்காரவைத்துவிட்டு முதலில் கருவியைச் சோதிப்போம் என்று சொன்னேன். ஒரு வெள்ளை அட்டை, ஓர் அளவுகோல், எதிர் வீட்டு ஜன்னல். இவ்வளவுதான் தேவைப்பட்டது. அன்று செய்ததை மற்றக் குடும்பங்களும் செய்து பார்க்கலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன். வீட்டில் பழைய கருவி இல்லாதவர்கள், பிள்ளைகள் வைத்திருக்கும் வியூ மாஸ்டரையோ கைப்பேசியைச் செருகிப் பார்க்கும் அட்டைப் பெட்டியையோ எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கருவி வந்த வழி

நம் இரு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. ஆகவே ஒவ்வொரு கண்ணும் பொருளைச் சற்று வேறு கோணத்தில் பார்க்கிறது. அந்த இரண்டையும் மூளை ஒன்றாக்கும்போது எது அருகில், எது தொலைவில் என்ற உணர்வு கிடைக்கிறது. இரு கண் பார்வையைச் சோதனை செய்து எழுதியவர்களில் முன்னோடி, பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய கிதாபுல் மனாழிரில் ஒரு பலகைச் சோதனை வருகிறது. பலகையின் ஓர் ஓரத்தில் மூக்கு பொருந்த ஒரு வெட்டு. அதன்மேல் மெழுகால் செய்த சிறு முளைகள். ஒரு முளையை உற்றுப் பார்த்தால் அது ஒன்றாகவும், அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை இரண்டாகவும் தெரியும். பென்சில் இரண்டைக் கண்ணெதிரே ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து நீங்களும் இதைப் பார்க்கலாம்.

இரண்டு தட்டைப் படங்களைக் கொண்டு அந்த ஆழ உணர்வை உண்டாக்கிக் காட்டியவர் சார்லஸ் வீட்ஸ்டன். 1838இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் விளக்கிய கருவியில் லென்ஸ் இல்லை, இரண்டு கண்ணாடிகள்தான். 1849இல் டேவிட் புரூஸ்டர் லென்ஸ் பொருத்திய சிறு பெட்டியை அறிமுகப்படுத்தினார். 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் விக்டோரியா அரசியார் அதைப் பார்த்து வியந்த பிறகு அது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற மருத்துவர் 1861வாக்கில் பெட்டியையே நீக்கிவிட்டு, கைப்பிடியும் சட்டமும் மட்டும் உள்ள எளிய வடிவத்தை உருவாக்கினார். அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அதனால்தான் அந்த வடிவம் உலகம் முழுவதும் பரவியது. சகோதரி கொண்டு வந்ததும் அந்த வகைதான். அமெரிக்காவின் அண்டர்வுட் அண்ட் அண்டர்வுட் நிறுவனம், ஜேம்ஸ் ரிகால்டன் எடுத்த இந்தியக் காட்சிகளை இப்படிப்பட்ட அட்டைகளாக வெளியிட்டு விற்றது. இத்தகைய அட்டையின் வழக்கமான அளவு 7 அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம்.

குவியத் தொலைவு என்றால் என்ன?

குவிலென்ஸ் தொலைவிலிருந்து வரும் ஒளியை ஓர் இடத்தில் சேர்க்கிறது. லென்ஸிலிருந்து அந்த இடம் வரையுள்ள தூரமே குவியத் தொலைவு. ஸ்டீரியோஸ்கோப்பில் இது தலைகீழாக நடக்கிறது. குவியத் தொலைவில் அட்டையை வைத்தால், அதிலிருந்து புறப்படும் ஒளி லென்ஸைத் தாண்டி இணைகதிராகி, வெகு தொலைவிலிருந்து வருவதுபோலக் கண்ணை அடைகிறது. கண் தளர்வாக, தொடுவானத்தைப் பார்ப்பதுபோலப் பார்க்கலாம்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் "பவர்" என்று சொல்வதும் இதே அளவைத்தான், வேறு விதமாகச் சொல்கிறார்கள். 1000ஐ மில்லிமீட்டரில் உள்ள குவியத் தொலைவால் வகுத்தால் டையாப்டர் கிடைக்கும். 200 மி.மீ. லென்ஸ் என்றால் பிளஸ் 5. 250 மி.மீ. என்றால் பிளஸ் 4. ஹோம்ஸ் வகைக் கருவிகளில் பெரும்பாலும் 200 மி.மீ.க்கு அக்கம்பக்கத்து லென்ஸ்தான் இருக்கும். உருப்பெருக்கம் வேண்டுமானால் 250ஐ அந்த அளவால் வகுத்துக்கொள்ளுங்கள். 200 மி.மீ. லென்ஸ் ஒன்றேகால் மடங்குதான் பெரிதாக்கும். 45 மி.மீ. லென்ஸ் ஐந்தரை மடங்கு. சிறிய படம் உள்ள கருவிக்குக் குட்டையான குவியத் தொலைவு தேவைப்படுவது இதனால்தான்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். கருவியில் அட்டையை வைத்து, படம் தெளிவாகத் தெரியும் இடம்வரை கட்டையை நகர்த்தி, அந்தத் தூரத்தை அளந்து அதுவே குவியத் தொலைவு என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி அளக்கும்போது லென்ஸோடு சேர்த்து உங்கள் கண்ணையும் அளந்துவிடுகிறீர்கள். மைனஸ் 2 கண்ணாடி போடுபவர் அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், 200 மி.மீ. லென்ஸில் அவருக்கு 143 மி.மீ. தூரத்தில்தான் படம் தெளியும். சிறு பிள்ளைகள் கண்ணை எளிதாகக் குவித்துவிடுவார்கள் என்பதால் அவர்களுக்குப் பல இடங்களிலும் தெளிவாகவே தெரியும். ஆகவே கண்ணை விலக்கிவிட்டு லென்ஸை மட்டும் அளக்க வேண்டும்.

கருவியைத் திருப்பிப் பிடித்து அளப்பது

அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் அருகே நில்லுங்கள். கருவியைத் திருப்பி, நாம் கண் வைக்கும் பக்கத்தை ஜன்னலை நோக்கிப் பிடியுங்கள். படம் வைக்கும் இடத்தில் படத்துக்குப் பதில் வெற்று வெள்ளை அட்டையைச் செருகுங்கள். இப்போது லென்ஸ் வழியே வரும் வெளிச்சம் அட்டையில் விழும். கட்டையை மெல்ல நகர்த்தினால் வெளியே உள்ள மரமோ கட்டடமோ தலைகீழாக, சிறியதாக, வண்ணத்தோடு அட்டையில் வந்து நிற்கும். பிள்ளைகள் இதைப் பார்த்ததும் போடும் சத்தத்தைக் கேட்க வேண்டும்! பிம்பம் மிகக் கூர்மையாக இருக்கும் இடத்தில் நிறுத்தி, லென்ஸ் கண்ணாடியின் நடுத் தடிமனிலிருந்து அட்டைவரை அளந்தால் அதுவே குவியத் தொலைவு.

சூரியனை நோக்கி மட்டும் பிடிக்கக் கூடாது. அட்டை கருகும், மரம் கருகும், எட்டிப் பார்க்கும் பிள்ளையின் கண்ணும் போகும். வேலை முடிந்ததும் கருவியை வெயில் விழும் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போகவும் கூடாது.

எவ்வளவு தூரத்தில் உள்ள பொருளைப் பார்க்கிறோம் என்பதும் கணக்கில் வரும். 200 மி.மீ. லென்ஸைக் கொண்டு 6 மீட்டர் தள்ளியுள்ள ஜன்னலைப் பிடித்தால் பிம்பம் 207 மி.மீ.இல் விழும். ஏழு மில்லிமீட்டர் பிழை. 20 மீட்டர் தள்ளியுள்ள எதிர் வீட்டு மாடியைப் பிடித்தால் 202. தெருக்கோடி மரத்தைப் பிடித்தால் பிழை அதைவிடக் குறையும். 45 மி.மீ. லென்ஸுக்கு 6 மீட்டரே போதும், அரை மில்லிமீட்டர்கூடத் தவறாது.

கூர்மையான இடம் எது என்பதில் பிள்ளைகளுக்குள் சண்டை வரும். நான் சொல்லிக்கொடுத்த வழி இது: முன்பக்கம் நகர்த்தி மங்கத் தொடங்கும் இடத்தைக் குறி, பின்பக்கம் நகர்த்தி மங்கத் தொடங்கும் இடத்தைக் குறி, இரண்டுக்கும் நடுவை எடு. ஐந்து முறை அளந்து சராசரி எடுத்தால் இரண்டு மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். பழைய லென்ஸ்களில் பிம்ப ஓரத்தில் நீலமும் சிவப்பும் கசியும். ஒற்றைக் கண்ணாடியால் செய்த லென்ஸின் இயல்பு அது, பழுது அல்ல.

அன்று கண்டது

சகோதரியின் கருவியை இப்படிப் பிடித்ததும் விஷயம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. அட்டையில் இரண்டு பிம்பம் விழுந்தது. ஒன்று தெளிவாக இருக்கும்போது மற்றொன்று வெறும் வெளிச்சத் திட்டாக இருந்தது. ஒவ்வொரு லென்ஸையும் கறுப்புக் காகிதத்தால் மாற்றி மாற்றி மூடி அளந்தோம். இடது லென்ஸ் 195 மி.மீ. வலது லென்ஸ் 250 மி.மீ.

250 என்பது சரியாகப் பிளஸ் 4. முன்பு எப்போதோ வலது லென்ஸ் உடைந்திருக்கிறது. யாரோ படிக்கும் கண்ணாடிக்கான லென்ஸை வட்டமாக வெட்டிப் பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்: ஒரு கண்ணுக்குப் படம் தெளிந்தால் மறு கண்ணுக்கு மங்கும். இடது கண் பார்க்கும் தாஜ்மஹால் வலது கண் பார்ப்பதைவிடச் சற்றுப் பெரிதாகவும் தெரியும். இரு கண் பிம்பங்களின் அளவு ஒருசில விழுக்காடு வேறுபட்டாலே மூளை திணறும். பையனுக்குத் தலை வலித்ததில் வியப்பே இல்லை. அவனுடைய உம்மா அங்கேயே அவன் தலையைத் தடவிக்கொடுத்தார்.

ஆகவே பழைய கருவி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: லென்ஸ் 190ஆ 210ஆ என்பது அவ்வளவு முக்கியம் இல்லை. கட்டையை நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டும் ஒன்றா என்பதே கேள்வி. 200 மி.மீ. லென்ஸில் மூன்று நான்கு மில்லிமீட்டர் வேறுபட்டால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் கண் சொல்லிவிடும்.

இரு பிம்பங்களின் இடைவெளி

இதே சோதனையில் இன்னோர் அளவும் இலவசமாகக் கிடைக்கிறது. தொலைவிலுள்ள ஒரே விளக்கின் பிம்பம் இரண்டு லென்ஸ் வழியாகவும் அட்டையில் விழும். அந்த இரண்டு பிம்பங்களுக்கும் இடையேயுள்ள தூரம்தான் இரு லென்ஸ்களின் ஒளியியல் மையங்களுக்கு இடையேயுள்ள தூரம்.

அளந்தவர்கள் திகைப்பார்கள். கண்ணாடித் துண்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 70 மி.மீ. இருக்கும்போது பிம்பங்கள் 90 மி.மீ. தள்ளி விழலாம். காரணம், பழைய ஸ்டீரியோஸ்கோப் லென்ஸ் முழு லென்ஸ் அல்ல. புரூஸ்டர் ஒரு பெரிய லென்ஸை இரண்டாக வெட்டி, தடித்த பக்கம் வெளியேயும் மெல்லிய பக்கம் மூக்கின் அருகேயும் வருமாறு வைத்தார். பின்னால் வந்தவர்களும் அதையே பின்பற்றினார்கள். விரலால் மெல்லத் தொட்டாலே தடிமன் வேறுபாடு தெரியும். லென்ஸாகவும் முப்பட்டகமாகவும் அது வேலை செய்கிறது. அட்டையில் இரு படங்களிலும் உள்ள ஒத்த புள்ளிகள் பெரும்பாலும் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும். நம் கண்களின் இடைவெளியோ அதைவிடக் குறைவு. வெறும் கண்ணால் இரண்டையும் ஒன்றாக்க வேண்டுமானால் கண்கள் வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும், அது நம்மால் இயலாது. இந்த முப்பட்டகத் தன்மைதான் படங்களை உள்பக்கமாக இழுத்துக் கொடுக்கிறது.

சகோதரியின் கருவியில் இடைவெளி 80 மி.மீ. மட்டுமே இருந்தது. மாற்றிப் போட்ட வலது லென்ஸின் மையம் கண்ணாடியின் நடுவிலேயே இருந்ததுதான் காரணம். இது சின்னக் குற்றம், குவியத் தொலைவு வேறுபாடுதான் பெரிய குற்றம். ஆனால் இரு பிம்பங்களும் ஒரே உயரத்தில் விழுகின்றனவா என்பதைக் கட்டாயம் பாருங்கள். பக்கவாட்டில் ஏற்படும் வேறுபாட்டைக் கண்கள் திரும்பிச் சமாளித்துக்கொள்ளும். ஒரு கண்ணை மேலேயும் மறு கண்ணைக் கீழேயும் திருப்பும் ஆற்றல் நமக்கு மிகச் சொற்பம். ஒரு பிம்பம் மேலே ஏறி நின்றால் லென்ஸ் தன் இடத்தில் சுழன்றிருக்கிறது என்று பொருள். மெதுவாகத் திருப்பிச் சரிசெய்யலாம்.

ஆய்வகத்து முறை

கணக்கில் ஆர்வமுள்ள பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னும் நுட்பமான வழி உண்டு. அரை லென்ஸில் எந்த இடத்திலிருந்து அளப்பது என்ற குழப்பம் இதில் இல்லை. மேசையில் ஒரு சிறு விளக்கும், ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைத் திரையும் வையுங்கள். படக் கட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு லென்ஸை மூடி, கருவியை விளக்குக்கும் திரைக்கும் நடுவே நகர்த்துங்கள். இரண்டு இடங்களில் திரையில் தெளிவான பிம்பம் விழும். விளக்கின் அருகே இருக்கும்போது பெரிதாக, திரையின் அருகே இருக்கும்போது சிறிதாக. அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே கருவி எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் அளந்தால் போதும். விளக்குக்கும் திரைக்கும் உள்ள தூரத்தின் வர்க்கத்திலிருந்து நகர்ந்த தூரத்தின் வர்க்கத்தைக் கழித்து, வருவதை முதல் தூரத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். தூரம் 1000, நகர்வு 447 என்றால் 10,00,000இலிருந்து 1,99,809 போக 8,00,191. அதை 4000ஆல் வகுத்தால் 200 மி.மீ. விளக்குக்கும் திரைக்கும் உள்ள தூரம் குவியத் தொலைவைப்போல நான்கு மடங்குக்கு மேல் இருந்தால்தான் இரண்டு இடங்கள் கிடைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

லென்ஸைக் கழற்ற முடிந்தால் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்சோமீட்டரில் வைத்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். ஆனால் பழைய மரத்தில் இறுகியிருக்கும் லென்ஸைக் கத்தி விட்டு நெம்பிக் கழற்றி உடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அளப்பதற்காகக் கழற்றாதீர்கள்.

மூடிய கருவியை அளப்பது

வியூ மாஸ்டரில் மேற்சொன்ன எதுவும் செல்லாது. லென்ஸுக்குப் பின்னால் திரை வைக்க இடம் இல்லை. வில்லியம் குரூபர் யோசனையில் பிறந்து, அமெரிக்காவின் போர்ட்லண்டில் இருந்த சாயர்ஸ் நிறுவனம் 1939இல் விற்பனைக்குக் கொண்டு வந்த கருவி அது. ஒரு வட்டத் தகட்டில் 14 சிறு படங்கள், அதாவது ஏழு ஜோடிகள்.

இதற்குக் கண்ணையே துணைக்கு வைத்துக்கொள்ளலாம். வலக்கண்ணை இடப்பக்கத் துளையில் வையுங்கள். கருவி வலப்பக்கமாகத் தள்ளிப்போய்விடும், இடக்கண் வெளியே பார்க்கத் தாராளமாக இருக்கும். இப்போது ஒரு கண்ணுக்குப் படச் சட்டமும் மறு கண்ணுக்கு எதிர்ச் சுவரும் தெரியும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, சுவரில் ஒளிரும் சதுரம் ஒட்டியதுபோல இருக்கும். அந்தச் சதுரத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் சுவரில் எங்கே படுகின்றன என்று சொல்லுங்கள், இன்னொருவர் சாக்பீஸால் குறிக்கட்டும். படத்தின் உண்மை அகலத்தைச் சுவரின் தூரத்தால் பெருக்கி, சுவரில் குறித்த அகலத்தால் வகுத்தால் குவியத் தொலைவு. படம் 11 மி.மீ., சுவர் 3000 மி.மீ., குறித்த அகலம் 750 மி.மீ. என்றால் விடை 44 மி.மீ. முதல் தடவை சதுரம் அலைந்துகொண்டே இருக்கும். தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டால் அடங்கும்.

கைப்பேசிப் பெட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். 2014இல் கூகுள் வெளியிட்ட முதல் கார்ட்போர்டு வடிவத்தில் 45 மி.மீ. லென்ஸ். அதைப் பார்த்துச் செய்த மலிவுப் பெட்டிகள் கடைகளில் ஏராளம். எல்லாவற்றிலும் லென்ஸும் பெட்டி ஆழமும் பொருந்துவதில்லை. லென்ஸ் 45 மி.மீ.ஆக இருந்து, கைப்பேசித் திரை 47 மி.மீ. தள்ளி நின்றால், சாதாரணக் கண்ணுக்குப் படம் ஒருபோதும் தெளியாது. எவ்வளவு முயன்றாலும் கண்ணால் அந்தப் பக்கம் சரிசெய்ய முடியாது. 42 மி.மீ.இல் நின்றால் ஏறக்குறைய 63 செ.மீ. தூரத்தில் உள்ள புத்தகத்தைப் பார்க்கும் அளவுக்கே கண் வேலை செய்யும். இரண்டு மில்லிமீட்டர் அட்டைத் துண்டு வைத்தோ வெட்டியோ இதைச் சரிசெய்துவிடலாம். பெரிய கைப்பேசியில் இரு படங்களும் கண் இடைவெளியைவிட அதிகம் தள்ளி நின்றால், திரையில் படத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

படத்தின் ஆழம் இயல்பாக இருக்கவும் குவியத் தொலைவு காரணம். படமெடுத்த கேமரா லென்ஸின் குவியத் தொலைவும் பார்க்கும் லென்ஸின் குவியத் தொலைவும் ஒத்திருந்தால், படம் பெரிதாக்கப்பட்டிருந்தால் அந்த மடங்கையும் சேர்த்துக்கொண்டால், காட்சி நேரில் இருந்ததுபோல இருக்கும். பார்க்கும் லென்ஸ் நீளமானால் காட்சி சிறுத்து, ஆழம் இழுபட்டதுபோலத் தோன்றும். 1947இல் வந்த ஸ்டீரியோ ரியலிஸ்ட் கேமராவின் லென்ஸ் 35 மி.மீ., அதன் பார்வைக் கருவி 44 மி.மீ. சிறிது ஆழம் கூடித்தான் தெரியும். பெரும்பாலானவர்கள் அதை ரசித்தார்களே தவிரக் குறை சொல்லவில்லை.

சரிசெய்த பிறகு

மூக்குக்கண்ணாடிக் கடைகளில் கால் டையாப்டர் கணக்கில்தான் லென்ஸ் கிடைக்கும். 195க்கு இணையாகத் தேடினால் 190 அல்லது 200தான் வரும். இரண்டுமே ஐந்து மில்லிமீட்டர் தள்ளிப்போகிறது. ஆகவே இரண்டு லென்ஸையும் பிளஸ் 5ஆக மாற்றினோம். மையம் நடுவிலிருந்து 10 மி.மீ. வெளிப்பக்கம் வருமாறு பெரிய வட்டத்திலிருந்து வெட்டித் தரச் சொன்னோம். கடைக்காரர் முதலில் "மையத்தைத் தள்ளி வெட்டினா தப்பாச்சே பாய்" என்று தயங்கினார், கருவியைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். பழைய இடது லென்ஸைத் தூக்கி எறியவில்லை. பழம்பொருளில் மூலப் பகுதி ஒன்றேனும் இருக்க வேண்டும் என்று பஞ்சு சுற்றிப் பெட்டியிலேயே வைத்தோம். பொருத்திய பின் அளந்ததில் இடது 200, வலது 201, இடைவெளி 90.

பையன் பார்த்துவிட்டு நெடுநேரம் கீழே வைக்கவில்லை. பிறகு வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். எல்லாரும் "ஆமா, தூண் முன்னால நிக்குது" என்றார்கள். எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியும் அப்படியே சொன்னாள். ஆனால் மற்றவர்களைப் போல அவள் வியக்கவில்லை. விளையாட்டுப்போல இடது லென்ஸைக் கறுப்புக் காகிதத்தால் மூடிக் கேட்டேன், "எதுவும் மாறலையே" என்றாள். வலது லென்ஸை மூடியதும் "மங்கலா இருக்கு, பார்க்க முடியலை" என்றாள். இப்போது லென்ஸ் இரண்டும் அளந்து உறுதியான லென்ஸ்கள், கருவியைக் குறை சொல்ல வழியில்லை. அவளுடைய வாப்பாவிடம் தனியாகச் சொன்னேன். கண் மருத்துவர் சோதித்ததில் இடது கண்ணில் மட்டும் பவர் மிக அதிகம். அந்தக் கண்ணை மூளை பயன்படுத்தாமல் ஒதுக்கத் தொடங்கியிருந்தது. சோம்பேறிக் கண் என்று இதைச் சொல்கிறார்கள். ஒரு கண் நன்றாக இருப்பதால் பிள்ளைக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது. இளம் வயதில் கண்டுபிடித்தால் கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்துப் பழக்குகிறார்கள். வயது ஏற ஏறப் பலன் குறைகிறது. ஸ்டீரியோஸ்கோப் கண் பரிசோதனைக் கருவி அல்ல. அதில் பார்த்துவிட்டாள் என்பதற்காக மருத்துவரிடம் போகாமல் இருக்கவும் கூடாது. ஆனால் சரியாக அளந்து பொருத்திய கருவியில் ஒரு பிள்ளைக்கு மட்டும் ஆழம் தெரியவில்லை என்றாலோ, ஒரு பக்கத்தை மூடினால் வேறுபாடே இல்லை என்றாலோ, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அளந்து முடித்ததும் ஒரு சிறு தாளில் தேதி, இடது லென்ஸ், வலது லென்ஸ், மைய இடைவெளி, எந்த லென்ஸ் பழையது, எது புதியது என்று எழுதிக் கருவியின் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். சகோதரியின் பெட்டியில் உள்ள தாளை அவர் மகனே எழுதினான். பழைய லென்ஸின் அளவான 195ஐயும் கீழே மறக்காமல் குறித்திருக்கிறான்.